ஏழாம் நம்பர் பிரஷ்

எங்கள் வீட்டில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு யாரும் யாருக்கும் உறவில்லை.

மாமா, அத்தை, ஓரகத்தி, என் கணவர் நால்வரும் மாதிரி அறையின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பிரஷ்களுக்கு மார்க் போடுவார்கள். என் கணவரின் அண்ணன், மூத்தார், ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் அவர் நாற்காலி பெரும்பாலும் காலியாக இருக்கும். மேசைமேல் வெள்ளைத் துணி. அதன்மேல் ஆறோ எட்டோ பிரஷ். எங்கள் பட்டறையில் செய்தது, மற்றவர்கள் செய்தது, கடையில் வாங்கி வந்தது என்று எல்லாம் கலந்து கிடக்கும். எதிலும் பெயர் இருக்காது. கழுத்தில் நூல் கட்டிய நம்பர் அட்டை மட்டும். எந்த நம்பர் யாருடையது என்ற பட்டியல் என்னிடம் இருக்கும். அதனால் எனக்கு மார்க் போடும் உரிமை கிடையாது.

"நம்ம வீட்டுச் சரக்குன்னு தெரிஞ்சா கை தானா ரெண்டு மார்க்கு கூடப் போட்டுடும்," என்பார் மாமா. "கண்ணைக் கட்டிக்கிட்டாதான் வியாபாரம் தெரியும்."

அந்த அறைக்கு வெளியே நாங்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொண்டே இருக்கிற குடும்பம். ஓரகத்தியின் குழம்பு எப்போதும் பிரமாதம். என் கணவரின் கார் ஓட்டல் பிரமாதம், கேட்டில் அவர் மூன்று முறை இடித்த பிறகும். பத்து மணியிலிருந்து பதினொன்று வரைதான் உண்மை பேசுவோம். பதினோரு வருடமாக வாரம் ஒரு மணி நேரம் அந்த உண்மையை நான் எழுதிக்கொண்டிருந்தேன். அது ஒருநாளும் என்னைப் பற்றியதாக இருந்ததில்லை.

எங்கள் ஊரில் பதினேழு பிரஷ் பட்டறைகள். அதில் பதினான்கு எங்கள் பட்டறையிலிருந்து போனவர்கள் வைத்தது. இதற்குக் காரணம் மாமாவும் அத்தையும் ஆரம்பத்திலேயே போட்ட ஒரு வழக்கம். நன்றாக வேலை கற்ற ஒருவர் தனியாகப் போக வேண்டுமென்றால் அவருக்கு ஒரு சரக்கை விட்டுக்கொடுப்பார்கள். அன்று முதல் நாங்கள் அதைச் செய்ய மாட்டோம். கேட்டு வருகிறவர்களையும் அவரிடமே அனுப்பிவிடுவோம். ஒட்டடைக் குச்சி ஒருவருக்கு, ஷூ பிரஷ் ஒருவருக்கு, தரை தேய்க்கிறது இன்னொருவருக்கு. கொடுத்துக் கொடுத்து ஒன்றும் மிஞ்சாது என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நடந்தது வேறு. கம்பியும் நாரும் வாங்கப் பதினேழு பட்டறையும் சேர்ந்து போனதால் பெரிய ஆலைக்காரர்களே எங்கள் தெருவுக்கு வந்து கதவைத் தட்டினார்கள். "தனியா நின்னா நாம ஒரு கடை. இப்ப நாம ஒரு ஊரு," என்று அத்தை சொல்வார்.

சரக்கே ஆளின் பெயராகவும் ஆகிவிடும். "ஒட்டடை வீட்ல கல்யாணம், கிளம்பலையா?" என்று கேட்பது எங்கள் ஊரில் சாதாரணம். எங்களைப் பெரிய பிரஷ் என்பார்கள். என்னைப் பெரிய பிரஷ் வீட்டு இரண்டாவது மருமகள் என்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் தெருவைத் தாண்டிவிடுவேன்.

கல்யாணமான முதல் மாதம் நான் பட்டறையில்தான் இருந்தேன். அப்போது மோட்டார் வரவில்லை. அத்தை கைமெஷினில் உட்கார்ந்திருப்பார். இரண்டாக மடித்த கம்பிக்கு நடுவில் நாரைப் பரப்பி, கைப்பிடியைச் சுற்றினால் கம்பி முறுக்கிக்கொண்டு நாரைக் கவ்விப் பிடிக்கும். தட்டையாக இருந்தது ஒரு நொடியில் உருண்டையாகப் பூத்துவிடும். நான் மேசைக்கு இந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து நாரை எண்ணி எண்ணிக் கொடுப்பேன். அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருமுறையாவது அந்தக் கைப்பிடியைப் பிடிக்க மாட்டோமா என்று இருக்கும். அதற்குள் ஒருநாள் லேபிள் எழுதும் ஆள் வரவில்லை. நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது, அதோடு என் கதை முடிந்தது. லேபிள், கடிதம், மாதிரி அறை. கைமெஷின்கள் சாமான் அறைக்குப் போயின. நான் மேசையிலேயே தங்கிவிட்டேன்.

யாரும் என்னைத் தள்ளி வைக்கவில்லை. தள்ளியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். எல்லோரும் அன்பாக இருக்கும் வீட்டில் ஒரு குறையை வெளியே எடுப்பது, நன்றாகத் தூங்குகிறவர்கள் நடுவில் தும்முவது மாதிரி. அடக்கி அடக்கி மூக்குதான் வலித்தது.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு கடிதம் வந்தது. ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் சோதனைக்குழாய் கழுவும் பெண் எழுதியிருந்தார். "உங்கள் மெல்லிய பிரஷ் குழாய்க்குள் போகிறது. திரும்பி வர மாட்டேன் என்கிறது. இழுத்தால் குழாய் உடைகிறது. உடைந்ததற்கு நான்தான் பதில் சொல்கிறேன். உங்கள் பிரஷ் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்கிறது." அந்தக் கடைசி வரிக்காகவே கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஆட்களிடம் காட்டினேன். மெல்லிய பிரஷ்ஷில் வியாபாரம் குறைவு, பார்க்கலாம் என்றார்கள்.

சாமான் அறையிலிருந்து ஒரு கைமெஷினைத் துணி துவைக்கும் அறைக்குத் தூக்கி வந்தேன். மதியம் இரண்டிலிருந்து மூன்றரை வரை வீடு தூங்கும். சோப்புத்தூள் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அத்தை சுற்றியதை நினைவில் பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். முதல் இருபது பிரஷ் எலி கடித்தது போல வந்தன. அப்புறம் ஒன்று சரியாக வந்தது. ஊறுகாய் பாட்டில், மருந்துக் குப்பி, கடைசியில் விலை கொடுத்து வாங்கிய சோதனைக்குழாய் என்று ஒவ்வொன்றாக விட்டுப் பார்த்தேன். குழாய்க்குள் வலது கையால் திருகும்போது உள்ளே இழுத்துப் பூட்டிக்கொள்ளாமல், தானே வெளியே வழுக்கி வந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே ஒரு நல்ல காரியம் செய்துவிட்டால் சந்தோஷத்தோடு திருட்டு முழியும் வந்துவிடும் போலிருக்கிறது. எழுந்து வாஷிங் மெஷினுக்கு வணக்கம் சொன்னேன்.

வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லோரும் பிரமாதம் என்பார்கள். அது அன்பா, மெய்யா என்று எனக்குத் தெரியாது. மறுநாளே அதை மோட்டாரில் ஏற்றுவார்கள். பெரிய பிரஷ் பெயரில் லேபிள் அச்சாகும். அந்த லேபிளை நான் ஒட்டுவேன். எனக்கு வேண்டியது அதுவல்ல. அந்தப் பிரஷ் என்னுடையதாக இருக்க வேண்டும். ஒரு சின்னப் பட்டறை, என் பொறுப்பில். ஒட்டடைக்குக் கிடைத்தது எனக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் சரக்கை விட்டுக்கொடுப்பது வெளியே போகிறவர்களுக்கு. வீட்டு ஆள் எங்கே போவது?

ஒரு திங்கட்கிழமை மேசையில் ஆறு பிரஷ் இருந்தன. ஏழாவது அட்டையை என் பிரஷ்ஷின் கழுத்தில் கட்டினேன். முடிச்சுப் போட இரண்டு தடவை ஆயிற்று. பதினோரு வருடம் நம்பிக் கொடுத்த பட்டியலில் முதல் முறையாகப் பொய் எழுதினேன். 'வெளிச் சரக்கு, தபாலில் வந்தது, பெயர் இல்லை.'

ஓரகத்தி அதைக் கன்னத்தில் உரசிப் பார்த்தாள். "பூனைக்குட்டி மாதிரி இருக்கு."

அத்தை குழாயில் விட்டு ஒரு சுற்று சுற்றினார். எடுத்தார். மறுபடி விட்டார். எடுத்தார். பத்துக்கு ஒன்பது போட்டார். அத்தை ஒன்பது போட்டு நான் எழுதியதே இல்லை.

என் கணவர் பிரஷ்ஷை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதைச் செஞ்ச கைக்குத் தங்கக் காப்பு போடலாம்," என்றார்.

என் கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அவர் என்னை ஆயிரம் தடவை புகழ்ந்திருக்கிறார். அன்றுதான் முதல் தடவையாக நம்பினேன்.

"யாரு இது?" என்றார் மாமா.

"பேர் போடல மாமா. தபால்ல வந்துச்சு."

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பிரஷ்ஷைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். அப்புறம் மேசையைத் தட்டினார். "அட! முறுக்கு எதிர்ப்பக்கமா இருக்கு பாருங்க. நம்ம ஊரு முறுக்கு எல்லாம் வலப்பக்கம். இது இடக்கைக்காரன் செஞ்சது!"

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் இடக்கைக்காரி இல்லை. அதனால் மாமா சொல்வது தவறு என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல வழியில்லை.

"நம்ம ஊர்ல இடக்கை மூணு பேரு," என்றார் மாமா உற்சாகமாக. எங்கள் குடும்பத்தில் இன்னொரு பழக்கம் உண்டு. நல்ல போட்டிக்காரன் கிடைத்தால் சண்டை போட மாட்டோம். கூப்பிட்டுச் சோறு போட்டு, இந்தச் சரக்கு உனக்கு, அந்தச் சரக்கு எனக்கு என்று பேசி முடித்துவிடுவோம். "மெல்லிசு பிரஷ்ஷை அவனுக்கே விட்டுடலாம். நமக்கு அது சரியா வரவும் இல்ல. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடறேன்."

"யாரைன்னே தெரியலையே?" என்றார் அத்தை.

"கண்டுபிடிக்கறேன் பாரு."

மாமா மூன்று நாள் துப்பறிந்தார். முதல் இரண்டு இடக்கைக்காரர்களும் சத்தியம் பண்ணி மறுத்தார்கள். மூன்றாவது ஆள் ஒட்டடை. மாமா அவரிடம் பிரஷ்ஷை நீட்டி, "தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். ஒட்டடை அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்து, "நல்ல வேலை முதலாளி," என்று சிரித்திருக்கிறார். "அந்தச் சிரிப்பே சொல்லுது," என்று மாமா வீட்டுக்கு வந்து முடிவு பண்ணிவிட்டார்.

என் பிரஷ் வேறொருவர் பெயருக்குப் போகப் போகிறது. அதைத் தடுக்க என் வாயைத் திறந்தால் போதும். திறந்தால் அது வீட்டுச் சரக்காகிவிடும். மூடியிருந்தால் ஒட்டடையின் சரக்காகிவிடும். இரண்டிலும் நான் இல்லை. ஒருநாள் கண்ணாடி முன் நின்று, 'மாமா, அது நான் செஞ்சது' என்று சொல்லிப் பார்த்தேன். பின்னால் வந்த கணவர், "யார்கிட்ட பேசற?" என்றார். "தலை வாரறேன்," என்றேன். கையில் சீப்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை புதுச் சட்டையில் வந்தார். சட்டையில் மடிப்பு அப்படியே இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல், தொப்பையும் சிரிப்புமாக இருப்பார். வந்ததும் மூக்கை உறிஞ்சி, "வாசனையே வயித்தை நிரப்புதே," என்றார்.

நான் தட்டுகளை வைத்துவிட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளேயிருந்து ஒரு கைமெஷினைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் வைத்தார். அது துவைக்கும் அறையில் நான் துணி போட்டு மூடி வைத்திருந்த மெஷின். ஒரு சோப்புத்தூள் பொட்டு அதன் காலில் இன்னும் ஒட்டியிருந்தது. கரண்டி என் கையிலிருந்து நழுவிக் குழம்புக்குள் போயிற்று.

அத்தை என்னைப் பார்க்கவில்லை. ஒட்டடையைப் பார்த்தார். "சாப்பாடு எங்கயும் ஓடிடாது. முதல்ல ஒண்ணு முறுக்கிக் காட்டு."

"சாப்பாட்டு மேசைலயா அம்மா?"

"ஏன், கை மறந்துடுச்சா?"

ஒட்டடை உட்கார்ந்தார். கம்பியை மடித்தார், நாரைப் பரப்பினார், இடக்கையால் கைப்பிடியைச் சுற்றினார். பிரஷ் அழகாக வந்தது. மாமா அதைப் பிடுங்கி, கண்ணாடியை ஏற்றி, பார்த்து, முகம் சுருங்கினார்.

"என்னப்பா, வலப்பக்க முறுக்காவே இருக்கு?"

"வேற எப்படி முதலாளி வரும்? அம்மா பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டது. எந்தக் கையா இருந்தா என்ன, அம்மா எந்தப் பக்கம் சுத்தினாங்களோ அந்தப் பக்கம்தான் நானும் சுத்துவேன்."

"அப்ப ஏழாம் நம்பர் உன்னுது இல்லையா?"

"என்னுதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நல்ல வேலைன்னு சிரிச்சியே!"

"நல்ல வேலைதானே? அதான் சிரிச்சேன். அப்புறம் நீங்க சாப்பிட வான்னீங்க. சாப்பிட வான்னா எதுக்குன்னு கேக்கற பழக்கம் எனக்கு இல்ல."

ஓரகத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா தளரவில்லை. "அப்ப அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் பொய் சொல்றான். நாளைக்கே போய்..."

அந்த நொடி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் சும்மா இருக்கலாம். மாமா தேடிக்கொண்டே இருப்பார். களைத்துப்போய் விட்டுவிடுவார். நான் லேபிள் எழுதிக்கொண்டே இருப்பேன். சௌகரியம்தான். அந்தச் சௌகரியம் எவ்வளவு பழக்கமானது என்று நினைத்தபோதுதான் பயம் வந்தது. அந்தப் பயம் வாயைத் திறக்கும் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"கொஞ்சம் எழுந்திருங்கண்ணே," என்றேன் ஒட்டடையிடம்.

அவர் எழுந்தார். நான் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பி, நார், கைப்பிடி. யாரையும் பார்க்காமல் சுற்றினேன். பிரஷ் பூத்ததும் எடுத்து மாமாவிடம் நீட்டினேன்.

மாமா பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "எதிர் முறுக்கு," என்றார். பிறகு என் கையைப் பார்த்தார். "ஆனா நீ வலது கையாலதானேம்மா சுத்தற?"

"எனக்கும் அதான் மாமா புரியல."

"எனக்குப் புரியுது," என்றார் அத்தை. நாற்காலியை இழுத்து எனக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். காற்றில் கைப்பிடி சுற்றுவது போலச் சுற்றிக் காட்டினார். "எனக்கு இது வலப்பக்கம். எதிர உக்காந்து பாக்கறவளுக்கு?"

"இடப்பக்கம்," என்றாள் ஓரகத்தி.

"என்கிட்ட வேலை கத்துக்கிட்டவங்க எல்லாம் பக்கத்துல உக்காந்தாங்க. எதிர உக்காந்தவ இவ ஒருத்திதான். அதான் முறுக்கு மாறி, குழாய்ல திருகினா உள்ள பூட்டாம வெளிய வருது. ஒரு மாசம் என் கையையே முழுங்கற மாதிரி பாத்துட்டு இருந்தா. திங்கட்கிழமை குழாய்க்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்தினதுமே எனக்குச் சந்தேகம். இவங்க துப்பறியக் கிளம்பிட்டாங்க, நான் துணி துவைக்கற ரூமுக்குப் போனேன்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்றார் மாமா.

"அவ சொல்றாளான்னு பாத்தேன்."

ஓரகத்தி என் கணவர் பக்கம் திரும்பினாள். "தம்பி, தங்கக் காப்பு எத்தனை பவுன்ல போடறதா உத்தேசம்?"

என் கணவர் காது சிவந்துவிட்டது. "அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது அண்ணி." பிறகு என்னைப் பார்த்தார். "துணி துவைக்கற ரூம்லயா? நான் சட்டை தேடி நாலு தடவை வந்தேனே!"

"ஒவ்வொரு தடவையும் கைமெஷின் மேல துணியைப் போட்டு உக்காந்துக்கிட்டேன்."

ஒட்டடை வெடித்துச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. பிரஷ்ஷை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். எதிர்பார்த்த வாக்கியம் வந்தது. "பிரமாதம்மா. நாளைக்கே மோட்டார்ல எதிர்ப்பக்கமா ஓட விடச் சொல்றேன். நம்ம லேபிள்லயே..."

"இல்ல மாமா."

பதினோரு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் 'இல்ல' அது. இவ்வளவு சின்னச் சொல்லா என்று இருந்தது.

"போன வாரம் இதைச் செஞ்சவனுக்கு மெல்லிசு பிரஷ்ஷை விட்டுக்குடுக்கறதா சொன்னீங்க. அந்த ஆள் நான்தான். எனக்கு விட்டுக்குடுங்க."

"வெளிய போறவங்களுக்குத்தானேம்மா அது. நீ வீட்டு ஆள். உனக்கு எதுக்குத் தனியா? இருக்கறதெல்லாம் உன்னுது தானே?"

"எல்லாம் என்னுதுதான் மாமா. அதனாலதான் எது என்னுதுன்னு எனக்குத் தெரியல."

நான் அவசரமாகச் சொன்னேன். "வேணும்னா வேலைய விட்டு நிக்கறேன்னு லெட்டர் குடுத்துடறேன். வேலைய மட்டும்தான். வீட்டை இல்ல."

"நல்ல கையெழுத்து," என்றார் ஒட்டடை, "லெட்டர் அழகா இருக்கும்."

"நீ சாப்பிடுடா," என்றார் அத்தை. பிறகு மாமாவிடம், "பதினாலு பேருக்குக் குடுத்தோம். எல்லாரும் பொழைச்சாங்க. நாமளும் பொழைச்சோம். பதினஞ்சாவது ஆளு நம்ம வீட்டு மேசைல சாப்பிடறான்னா மட்டும் குடும்பம் கவிழ்ந்துடுமா?"

மாமா பிரஷ்ஷைத் துடைத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "லேபிள் யாரு எழுதுவா?" என்றார் பரிதாபமாக.

"எழுதறவங்களைத் தேடிக்குங்க மாமா. கையெழுத்து ரொம்ப நல்லா இருந்தா எடுக்காதீங்க. பாவம்."

அப்போதுதான் மாமா சிரித்தார்.

மூன்று தெரு தள்ளி, முன்பு தையல் கடையாக இருந்த அறையை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு கைமெஷின், ஒரு மேசை, இரண்டு பெண்கள். அவர்களை என் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்றாவதாக ஒருத்தி சேர்ந்தால் எதிரே உட்கார வைத்துப் பார்க்கலாமா என்று ஒரு விபரீத ஆசை. முதல் பெட்டியைக் கடிதம் எழுதிய அந்த ஆய்வகப் பெண்ணுக்கு அனுப்பினேன். 'குழாய் உடையவில்லை. இந்தப் பிரஷ்ஷும் பேசவில்லை, பேச அவசியமில்லை' என்று பதில் வந்தது. போன வாரம் காய்கறிக் கடையில் யாரோ "டியூப் அக்கா" என்று கூப்பிட்டார்கள். நான் பாட்டுக்குக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவைதான் அது நான் என்று தெரிந்தது. அரைக் கிலோ கூடுதலாகவே வாங்கிவிட்டேன்.

நேற்று திங்கட்கிழமை. பட்டியல் இப்போது ஓரகத்தியிடம். நான் வெளி ஆள் என்பதால் மாதிரி அறைக்குள் விடவில்லை. என் புது மாதிரியைக் கொடுத்துவிட்டு, கதவுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பேச்சுக் கேட்டது.

"நாலாம் நம்பர் கைப்பிடி வழுக்குது," என்றது என் கணவரின் குரல். "ஈரக் கைல நிக்காது. யார் செஞ்சது இது, வெண்ணெயிலயா செஞ்சாங்க? மூணு மார்க்கு."

நாலாம் நம்பர் என்னுடையது; ஓரகத்தி அட்டை கட்டும்போதே பார்த்திருந்தேன். பத்து மணிக்கு மேல் ஆகியிருந்தது. அந்த அறையில் யாரும் யாருக்கும் உறவில்லை. நான் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'கைப்பிடி, ஈரக்கை' என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பதினொன்று அடித்ததும் கதவு திறந்தது. அவர் என்னைப் பார்த்து அசடு வழிந்தார்.

"அய்யோ, உன்னுதா?"

"ஆமா. இன்னும் எங்க வழுக்குது, சொல்லுங்க," என்று ஸ்டூலில் அவருக்கு இடம் விட்டேன்.